முப்பது மூட்டையில் ஒரு காய்

போடி ஏலக்காய் வியாபாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். முப்பது மூட்டை காயை ஒரே ஒரு நாள் கடன் கொடுங்கள். மூட்டைக்கு ஐம்பது கிலோ; கிலோவுக்குத் தோராயமாக ஐயாயிரம் காய் என்று வைத்தால் மொத்தம் 75 லட்சம். ஒரு காயில் மட்டும் சிவப்பு மையால் புள்ளி வைத்து, அத்தனையையும் தரையில் கொட்டிக் கிளறுவோம். பிறகு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கண்ணைக் கட்டி, "ஒண்ணே ஒண்ணு எடும்மா" என்போம்.

கேரள அரசு லாட்டரியின் 2023 திருவோணம் பம்பரில் விற்ற சீட்டும் சுமார் 75 லட்சம்தான். சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. புள்ளி வைத்த காய் திருப்பூர்க்காரர்கள் நால்வர் கைக்குப் போனது. அந்தச் செய்தி மலையடிவாரத்து டீக்கடை வரை வந்தது. மிச்சக் காய்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை. போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. செக்போஸ்டைத் தாண்டினால் கேரளம்; அங்கே அதே சீட்டு 1967 முதல் அரசாங்க வியாபாரம். கீழே குற்றம், மேலே கஜானா. காயெடுக்க ஜீப்பில் அடைந்து போகிற சனம் காலையில் சட்டத்துக்கு உள்ளிருந்து வெளியே போய், சாயங்காலம் கூலியில் ஒரு பகுதியை அங்கே வைத்துவிட்டுத் திரும்பி வருகிறது.

75 லட்சத்தில் ஒன்று என்றால் எவ்வளவு சின்னது என்று புரியப் பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு சொல்லித்தரவில்லையா? தருகிறார்களே! பகடை உருட்டப்படும், நாணயம் சுண்டப்படும், சீட்டு எடுக்கப்படும். எல்லாமே 'படும்'. சுண்டுகிற விரலை மட்டும் எந்த வகுப்பிலும் காணோம். ஒரு வாத்தியார் பையன் கையிலிருந்த ஒத்தை ரூபாயைப் பிடுங்கி, "கிளாஸ்ல என்னடா சூதாட்டம்?" என்று அதட்டியதை நானே பார்த்தேன். கரும்பலகையில் அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது நாணயக் கணக்கு.

அந்தக் காசைப் பையனிடமே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு இருபது தடவை சுண்டினால், அதில் சுமார் பத்துப் பேருக்குத் தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்திருக்கும். அந்தப் பத்துப் பேரும் ராசிக்காரர்களா, எழுந்து நில்லுங்கள் பார்ப்போம் என்றால் வகுப்பே சிரித்திருக்கும். ராசி என்கிற பூதம் அரை பீரியடில் செத்திருக்கும். காசு வேண்டாமா, புளியங்கொட்டை இருக்கிறது. ஒரு பக்கம் தரையில் தேய்த்துத் தாயம் ஆடுகிற பாட்டியிடம் கேளுங்கள்: தேய்த்த பக்கமும் தேய்க்காத பக்கமும் பாதிக்குப் பாதி விழும் என்று அவள் நம்பவே மாட்டாள். நூறு தடவை போட்டு எண்ணிப் பார்த்தால் பேரனுக்கும் விளங்கும். செலவு? நேற்று வைத்த குழம்பு.

இதற்கெல்லாம் நேரமில்லையாம், போர்ஷன் முடியாதாம். ஆனால் 2022-ல் சட்டமன்றத்துக்கு ஆன்லைன் ரம்மியைத் தடுக்க நேரம் கிடைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றத்துக்கு ரம்மியைத் திறமை விளையாட்டு என்று சொல்லித் தடைப் பட்டியலிலிருந்து எடுக்க நேரம் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்குக் காசு வைத்து ஆடும் ஆட்டத்தையே ஆன்லைனில் மொத்தமாகத் தடுக்கவும் நேரம் கிடைத்தது. இந்த இடைவெளியில் வீட்டை அடமானம் வைத்தவனுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. இத்தனை கறுப்பு அங்கிகளும் வெள்ளை வேட்டிகளும் சேர்ந்து அணைக்கப் பார்த்த தீயை ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை முன்கூட்டியே தடுத்திருக்கும். ஆனால் எண்ணத் தெரிந்த பிள்ளை மோசமான வாடிக்கையாளர் ஆயிற்றே!

காசைப் பறிகொடுத்த நம் பையன் பரீட்சையில் இரண்டு பகடைக்குக் கூறுவெளி எழுதினான். முப்பத்தாறு ஜோடியும் பிசகில்லை, முழு மார்க். அன்று சாயங்காலம் கடையோரத்தில் ரகசியமாக விற்கிற மூன்று நம்பர் சீட்டை அப்பாவுக்காக வாங்கப் போனான். விற்கிறவர் 777 நீட்டினார்.

"அது வேணாம்ணே, அதெல்லாம் எப்பவாச்சும்தான் விழும். 482 குடுங்க."