பக்கத்துப் பட்டறைக்காரர்

திருப்பூர்ச் சாயப்பட்டறை முதலாளிகளில் ஒரு வகையினர் உண்டு. அவர்களுக்குச் சொந்தமாக நல்ல குணமும் கிடையாது, கெட்ட குணமும் கிடையாது. இரண்டையும் பக்கத்துப் பட்டறையிலிருந்தே அன்றாடம் கைமாற்றாக வாங்கிக்கொள்வார்கள். நம் நண்பர் அவ்வகுப்பின் சிரோமணி.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் அங்கத்தினர் கூட்டத்தில், பிறர் கைகள் தெரியவேண்டும் என்பதற்காகவே கடைசி வரிசையில் அமர்வார். தீர்மானத்தை ஆதரிப்போர் கைதூக்கலாம் என்றதும், அவருடைய வலக்கை காதுவரை எழுந்து, சபையை நோட்டமிட்டு, கைகள் பெருகினால் மேலே போகும்; அருகினால் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிவிடும். பங்குத்தொகை எப்போது வரும் என்று காரியதரிசி கேட்டால், "நான் மாட்டேன்னா சொல்றனுங்க? பக்கத்துப் பட்டறைக்காரரு கட்டட்டுங்க, மறுநிமிஷம் என் செக் வந்துருமுங்க" என்பார்.

நள்ளிரவில் சுவருக்கு அப்பால் ஓடைப்பக்கம் சலசலப்புக் கேட்டால் போதும். 'ஊரே திறந்துவிடுகையில், நம் ஒருவர் தண்ணீரா நொய்யல் ஆற்றைக் கெடுத்துவிடப் போகிறது?' என்ற வேதாந்த விசாரத்துடன் எழுந்துபோய்த் தம் வால்வையும் திருகிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச்சொன்ன அரசன், விடிந்ததும் குளம் நிறையத் தண்ணீரைக் கண்ட கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அவர் ரசித்துச் சொல்வதுண்டு; அந்தக் குடங்களில் ஒன்று தம்முடையதாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு உதித்ததே இல்லை.

இப்படிப் பலர் சுவர்களுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே தொழில் செய்ததன் பலனாக, பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் கிடங்காயிற்று. சொட்டுக் கழிவும் வெளியேறாமல், உப்பைப் பிரித்து, நீரைத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை ஒருசேர மூடச்சொல்லிற்று. பனியன் துணி லாரியேறி வெளியூர்களுக்குச் சாயமேறப் போனது. ஊரே கலங்கிய அந்நாளிலும் நம்மவர் ஆறுதலை இழக்கவில்லை: "நம்முளுது மட்டுமா பூட்டுனாங்க? பக்கத்துப் பட்டறையுந்தானுங்க!"

பின்னர், அந்த நிபந்தனையை நிறைவேற்றுவதற்கான புதிய இயந்திரங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் பங்குத்தொகை கேட்டபோதுதான் அந்த அதிசயம் நேர்ந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் பணத்தைக் கட்டிவிட்டார். செய்தி காதில் விழுந்த மறுகணம் நம்மவர், காபியைப் பாதியில் வைத்துவிட்டு, கடைசி ஆள் என்ற அபகீர்த்திக்கு அஞ்சி, ஸ்கூட்டரில் பறந்துபோய்க் கட்டிவிட்டு வந்தார்.

முன்னின்று வழிகாட்டிய அந்தப் புண்ணியவானைப் பாராட்டப் போனேன். அவர் திடுக்கிட்டார்: "நானா முதல்லே கட்டினனுங்க? ஒரு வாரமா இவருதான் தினமும் நிலையத்துக்குப் போயிட்டு வந்தாருங்க. சரி, கட்டிப்போட்டாராட்ட இருக்குதுன்னு நானும் கட்டிப்போட்டனுங்க."

நம்மவர் தினமும் போனது வாஸ்தவந்தான். பக்கத்துப் பட்டறைக்காரர் கட்டிவிட்டாரா என்று விசாரிக்கத்தான் போனார்.