கிழிசல் பேண்ட்டும் கலகக்காரனும்

வாடா நைனா, இப்டி குந்து. மண்டையோடு போட்ட பனியன், காதுல கடுக்கன், முதுகுல கிட்டாரு. கலகப் பாடகன் ஆவப் போறியாமே? ஆவு, ஆவு. கிட்டாருக்குத் தவணைய மட்டும் உங்கம்மா காசிமேட்டுல மீன் வித்துக் கட்டட்டும்.

ஹங்கேரியில நாஜ் ஃபெரோன்னு ஒரு ராக் பாடகராம். 1970கள் கடைசில, கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நடக்கறப்பவே 'பியாட்ரிஸ்' குழுவோட கத்துனவரு. 'தேசத்தோட கரப்பான்பூச்சி'ன்னு பேரு. அவரு படத்த செவுத்துல ஒட்டிக்கோ, வேணாங்கல. அப்டியே பொடிநடையா ராயபுரம் வரைக்கும் போய்ட்டு வா.

அங்க பொறந்த புள்ளதான் இசைவாணி. சாவு வூட்ல விடிய விடிய ஆம்பளைங்க சட்டி தட்டிப் பாடற கானா, பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குன்னு பெருசுங்க மொறைச்ச பாட்டு. அந்தக் கானாவப் பாட இந்தப் பொண்ணு மைக்கப் புடிச்சிச்சி. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். டைரக்டர் பா.ரஞ்சித்தும் மியூசிக் போடற தென்மாவும் சேத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாட்டுக் குழுவோட மொத மேடை. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத் தமிழர்'லருந்து வந்ததுதான் அந்தப் பேரு. அத்தினி ஆம்பளைங்க நடுவுல இசைவாணி ஒத்தப் பொம்பள. எல்லாம் இஸ்திரி போட்ட கோட்டுல வந்தாங்க. பாடனது இடஒதுக்கீடு, மாட்டுக்கறி. நீ காசு குடுத்து கிழிசல் பேண்ட் வாங்கி, 'அவ என்ன விட்டுப் போய்ட்டா'ன்னு அழுவற. நீதாம்பா கலகக்காரன்!

2020ல பிபிசி நூறு பெண்கள் பட்டியல்ல இசைவாணி பேரு வந்துச்சி. ஒடனே நம்ம பேட்டையில எல்லாரும் 'எங்க பொண்ணு'ன்னாங்க. 2024 நவம்பர்ல, சபரிமலைக்குப் பொம்பளைங்க போறதப் பத்தி அந்தப் பொண்ணு எப்பவோ பாடன அய்யப்பன் பாட்ட தோண்டியெடுத்து போலீசுல புகார், போன்ல மெரட்டல். அப்போ அந்த எல்லாரும் எங்க போனாங்கன்னு கேக்காத, பாவம், வேலை இருந்திருக்கும்.

அதனால புத்தியா பொழைச்சிக்கோ. கட் அவுட்டு வெக்கிறவனப் பத்திப் பாடு, பிரியாணி கெடைக்கும். எண்ணூர் முகத்துவாரத்துல அனல்மின் நிலையத்து சாம்பத்தண்ணி கலக்கறதப் பத்தி மட்டும் வாயத் தொறந்துடாத. அதுக்கு 2017லயே டி.எம்.கிருஷ்ணா அங்க போயி 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடிட்டாரு. கர்நாடக சங்கீத வித்வானே வந்து பாடிட்டுப் போய்ட்டாரு, முகத்துவாரத்துல எறா புடிச்ச ஆளோட பேரன் நீ இன்னாத்துக்குக் கஷ்டப்படற? சட்டைய மாத்திக்கினு போய் செல்பி எடு, கண்ணு.