உதைத்தால் போகும் சுளுக்கு

சுளுக்குக்கு இருக்கிற அளவு வைத்தியர்கள் தமிழ்நாட்டில் வேறெந்த உபாதைக்கும் கிடையாது. கால் முதலில் வந்து பிறந்தவர் உதைத்தால் போய்விடும். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் போய்விடும். அதற்கும் மசியாவிட்டால் திருவள்ளூர் எல்லையைத் தாண்டி ஆந்திராவின் புத்தூருக்குப் போய் ஒரு கட்டுப் போட்டுக்கொள்ளலாம். இதில் விசேஷம், பெரும்பாலும் எல்லாமே பலிக்கும். காரணம், சாதாரணத் தசைப்பிடிப்பு சில நாளிலோ சில வாரத்திலோ தானாகவே ஆறிவிடும். ஆறுகிற நேரத்தில் பக்கத்தில் நின்றவருக்கே கைராசிக்காரர் பட்டம். ஆக, எதைத் தேய்ப்பது என்பது இரண்டாம் பட்சம். வந்திருப்பது எந்த வலி என்று தெரிந்துகொள்வதுதான் சுயவைத்தியத்தில் முக்கால் பங்கு.

காட்டுப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்தில் அண்ணாந்தபடி இரும்புக் கம்பியை முறுக்கிக் கன்டெய்னரைக் கட்டுகிற புதுத் தொழிலாளிக்கு அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலைவாரக் கை எழும்பாது. பழக்கமில்லாத வேலையில் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம் அது, சில நாளில் அடங்கிவிடும். பழி சுமக்கிற லாக்டிக் அமிலமோ வேலை முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே போயிருக்கும். மீஞ்சூர் சாலையில் வரிசையில் நிற்கிற டிரெய்லர் ஓட்டுநரின் இடுப்புப் பிடிப்புக்கு அதிர்கிற சீட்டும் உட்கார்ந்தே இருப்பதும் காரணம். அந்த வலி புட்டத்தில் கிளம்பி முழங்காலைத் தாண்டி ஷாக் அடித்தமாதிரி இறங்கினால் விவகாரம் தசையில் இல்லை, நரம்பில். கொசஸ்தலை முகத்துவாரத்தில் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, குந்தியபடி கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்ணுக்கோ கழுத்தும் மூட்டும் ஆண்டுக்கணக்கில் தேய்கின்றன. மூன்றும் மூன்று வலி. மருந்துக்கடையில் மட்டும் மூவருக்கும் ஒரே செட்டு மாத்திரை.

‘தைலம் தேய்த்தால் நிஜமாகவே குறைகிறதே’ என்பீர்கள். குறையும், மறுக்கவில்லை. மென்தால் குளிர்ச்சியை அறியும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூளை அந்தப் பக்கம் திரும்ப, வலி கொஞ்சம் பின்வாங்குகிறது. 1893இல் பிறந்த அமிர்தாஞ்சன் இன்றும் விற்பதற்கு இந்த ஆறுதல் போதும். ‘ஐஸ்தானே விஞ்ஞானம்’ என்பவர்களுக்கு ஒரு செய்தி: அடிபட்டால் ஓய்வும் ஐஸும் என்று 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்பாடு, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். மாத்திரை விஷயத்தில்தான் தாராளம் ஆகாது. வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2006இல் அதன் கால்நடை மருந்தையே இந்தியா தடை செய்தது. மனிதன் கழுகல்ல, வாஸ்தவம். ஆனால் வெறும் வயிற்றில், வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்போடு தினமும் விழுங்கினால் அவன் வயிறும் சிறுநீரகமும் கேள்வி கேட்கத்தான் செய்யும்.

‘நாள்கூலிக்காரன் எங்கே படுப்பது?’ நியாயமான கேள்வி. நல்லவேளை, சாதாரண இடுப்புவலிக்குப் படுக்கையைவிட நடையே மேல். வலி அனுமதிக்கிற அளவு நடமாடலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், பாரம் தூக்குவதைச் சில நாள் தள்ளிப்போடலாம். அந்தச் சில நாள் வேறு வேலைக்கு மாற்றிவிடுவது மேஸ்திரியின் பொறுப்பு. அதற்குத் தைலம் கிடையாது.

அடிபட்ட காலை ஊன்றி நாலடி வைக்க முடியவில்லை, மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது, கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படவில்லை, இவற்றில் எது ஒன்று நேர்ந்தாலும் யாரையும் உதைக்கவிடாமல் அன்றைக்கே பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சை அழுத்தி, இடது தோளில் இறங்கி, வியர்த்துக் கொட்டுகிற வலியை வாயு என்று சொல்லி யாராவது பூண்டு உரிக்க ஆரம்பித்தால், அவர் உரிக்கட்டும். நீங்கள் 108ஐக் கூப்பிடுங்கள்.