ஜெனீவாவில் ஒரு டிரான்சிட் கேம்ப்

இலங்கை அரசின் மீது சர்வதேச அழுத்தம் அதிகரித்து வருகிறது என்று 2009-லிருந்து பேப்பரில் படித்து வருகிறேன். அழுத்தம் இன்னும் அதிகரித்துக்கொண்டேதான் இருக்கிறது. அழுத்தப்பட்டவர்கள்தான் இதற்கிடையில் தளபதி ஆகி, தூதர் ஆகி, முப்படைக்கும் தலைமை அதிகாரி ஆகி, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றுவிட்டார்கள்.

தாராவிக்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை. பழைய சால் இடிபடும் அன்று பில்டரின் ஆள் வருவான். “மூணே வருஷம் அண்ணாச்சி, புது பில்டிங்ல சாவி” என்பான். பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டு டிரான்சிட் கேம்புக்குப் போன குடும்பத்தில் பையனுக்குக் கல்யாணமாகி, பேத்தி பத்தாவது எழுதும்போதும் ரேஷன் கார்டில் விலாசம் டிரான்சிட் கேம்ப்தான். சட்டப்படி யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் முறையாக மனுப் போட்டு, முறையாகக் கால அவகாசம் வாங்கியிருப்பார்கள்.

ஜெனீவா மனித உரிமைப் பேரவையில், இலங்கைப் போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்கால் இப்படித்தான் குடியிருக்கிறது. 2015 அக்டோபரில் 30/1 என்றொரு தீர்மானம். வெளிநாட்டு நீதிபதிகளும் பங்குபெறும் விசாரணைக்குச் சம்மதம் என்று இலங்கையே இணை அனுசரணை கொடுத்தது. நாலு மாதம் ஆவதற்குள் ஜனாதிபதி சிறிசேன, வெளிநாட்டு நீதிபதி எவரும் தேவையில்லை என்று பேட்டி கொடுத்தார். 2017-இல் இரண்டு வருஷ அவகாசம். 2019-இல் இன்னும் இரண்டு. 2020 பிப்ரவரியில் கோத்தபய அரசு, கொடுத்த அனுசரணையை வாபஸ் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியது. பேரவை கோபித்துக்கொண்டதா? 2021-இல் இன்னொரு தீர்மானம் போட்டு, சாட்சியங்களைச் சேகரித்துப் பத்திரப்படுத்த ஓர் அலுவலகம் திறந்தது. எந்தக் கோர்ட்டுக்கு என்று கேட்கக் கூடாது. 2022-இல் நீட்டிப்பு, 2024-இல் ஒரு வருஷம், 2025 அக்டோபரில் மறுபடி இரண்டு வருஷம்.

இதற்கெல்லாம் பூமி பூஜை போட்டதில் பாரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2009 மே 27. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மெனிக் ஃபார்ம் முதலிய முகாம்களின் முள்கம்பிக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். ஜெனீவாவில் சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். அங்கே நிறைவேறியது இலங்கையே எழுதிக் கொண்டுவந்த தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. அந்த 29-இல் இந்தியா, பாகிஸ்தான், சீனா மூன்றும் இருந்தன. சியாச்சினிலும் அருணாசலத்திலும் வராத ஒற்றுமை அது. குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்பையும் டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டால் வேலை எத்தனை சுருக்கமாக முடிகிறது!

சென்னை சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு மாதம் முன், ஏப்ரல் 27-ஆம் தேதி, முதல்வர் கருணாநிதி மெரினாவில் காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே ஓர் உண்ணாவிரதம் இருந்து போரையே நிறுத்தினார். நின்றுபோன அந்தப் போரில் அடுத்த மூன்று வாரம் செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்று இன்றுவரை விளக்கம் வரவில்லை.

எங்கள் ஊருக்கும் இந்தக் கணக்கில் ஒரு வரவு இருக்கிறது. ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த தருஸ்மன் குழு, கடைசிக் கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. ஆஸ்பத்திரிகள் மீது அரசுப் படை குண்டு வீசியதாகச் சொன்னது. புலிகள் ஜனங்களைக் கேடயமாகப் பிடித்துவைத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. (நம்மவர்கள் அடிக்கும் பேனர்களில் அந்தப் பக்கம் மட்டும் அச்சாவதில்லை.) அறிக்கையில் போட்டிருக்கும் தேதி 2011 மார்ச் 31. இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 2-ஆம் தேதி, மஹிந்த ராஜபக்ச மும்பை வான்கடே மைதானத்தில் மரியாதைக்குரிய விருந்தினர். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம் ஜனாதிபதி பிரதிபா பாட்டீலும் வந்திருந்தார். மாஹிமில் ஸ்லோ லோக்கல் பிடித்தால் அரை மணி நேரத்தில் போய்விடலாம், அவ்வளவு பக்கத்தில். ஒரு கறுப்புக் கொடி தெரிந்ததா? தோனி அடித்த அந்தக் கடைசி சிக்ஸருக்கு 90 அடி சாலையில் சரவெடி வெடித்தது. சிலோன்காரனைத் தோற்கடித்தாகிவிட்டது, இதற்கு மேல் என்ன நீதி வேண்டும்?

2013 மார்ச்சில் தமிழ்நாடு கொதித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், திமுக மத்திய ஆட்சியை விட்டு வெளியே வந்தது. அத்தனை கொதிப்பின் பலனாக ஒரு தண்டனை மட்டும் உடனடியாக நிறைவேறியது: ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் சென்னையில் இறங்கக் கூடாது. ஆகவே மும்பை இந்தியன்ஸின் மாலிங்கா சேப்பாக்கத்தில் இனப்படுகொலையின் பிரதிநிதி; வான்கடேயில் நம்ம ஆளு. தாராவிச் சந்துகளில் பையன்கள் அவரைப் போலவே கையைச் சாய்த்து டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்தார்கள். போர்க்குற்றத்துக்காக இந்திய மண்ணில் இதுவரை தண்டனை அனுபவித்தவர்கள் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்தான்.

ஜெனரல்களுக்கு என்ன ஆனது? 58-ஆவது டிவிஷனை நடத்திய சவேந்திர சில்வாவை நியூயார்க்கில் ஐ.நா.வுக்கே துணைத் தூதராக அனுப்பினார்கள். 2012-இல் ஐ.நா. அமைதிப்படை பற்றிய ஆலோசனைக் குழுவில் ஒரு நாற்காலியும் கிடைத்தது! வெளியே சத்தம் கிளம்பியதும் அவரைக் கூட்டத்தில் கலந்துகொள்ள வேண்டாம் என்று சொல்ல வேண்டிவந்தது. பிறகு ராணுவத் தளபதி, அதற்கும் பிறகு முப்படைத் தலைமை அதிகாரி. வன்னிப் படைத் தலைமையில் இருந்த ஜகத் ஜயசூரிய பிரேசிலுக்குத் தூதராகப் போனார். 2017-இல் அங்கே வழக்குப் போட்டபோது மனிதர் ஊர் திரும்பியிருந்தார். 2025 மார்ச்சில் பிரிட்டன் விழித்துக்கொண்டு இருவர் மீதும் தடை போட்டது. இனி அவர்கள் லண்டனில் ஷாப்பிங் செய்ய முடியாது. முள்ளிவாய்க்காலுக்கு இது போதாதா?

சார்ஜன்ட் சுனில் ரத்னாயக்கவின் கதை மட்டும் என்னைத் தூங்கவிடுவதில்லை. 2000-இல் மிருசுவிலில் எட்டு பேரைக் கழுத்தறுத்துப் புதைத்த வழக்கு. குழந்தைகளும் அதில் உண்டு. பதினைந்து வருஷம் இழுத்து மரண தண்டனை. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உள்நாட்டு நீதிமன்றமே போதும் என்று வாதாடுகிறவர்கள் நெஞ்சை நிமிர்த்திக் காட்டவிருந்த வழக்கு. 2020 மார்ச்சில், கொரோனாவுக்குப் பயந்து உலகமே வீட்டுக்குள் அடைபட்ட வாரத்தில், ஜனாதிபதி மன்னிப்பில் அவர் வெளியே வந்தார்.

டெல்லி என்ன செய்தது? பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டியது. 2012-லும் 2013-லும் இலங்கைக்கு எதிராக வாக்கு. 2014, 2021, 2022-இல் நடுநிலை. ஏன் என்று செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் கேட்டால் பேங்கில் ரிட்டையரான சார் ஒருவர் விளக்குவார்: “நாம பகைச்சுண்டா சைனா உள்ள வந்துடுவான் சார்.” மாட்டுங்காவில் டிகிரி காபியோடு இதே விளக்கம் கிடைக்கும். நாமும் பகைத்துக்கொள்ளாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குப் போனது. யாருக்கு? சாருக்குத் தெரியும், காபி ஆறுகிறது.

உண்மைக் காரணம் வேறு. இன்று கொழும்பைப் பார்த்து நீட்டிய விரல் நாளை ஸ்ரீநகர் பக்கம் திரும்பும். 2018-லும் 2019-லும் காஷ்மீர் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டபோது டெல்லி கொடுத்த பதிலில் நாட்டின் பெயரை மாற்றினால் கொழும்பின் பதில் வந்துவிடும்: உள்நோக்கம், இறையாண்மை, எங்கள் வீட்டு விவகாரம். உள்நாட்டு விசாரணையின் லட்சணத்தை நாங்கள் மும்பையிலேயே பார்த்தவர்கள். 1992-93 கலவரத்தில் 900 பேர் செத்தார்கள், தாராவியும் எரிந்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஐந்து வருஷம் விசாரித்து 1998-இல் அறிக்கை கொடுத்தார். அன்றைய சிவசேனா – பா.ஜ.க. அரசு அதை இந்துக்களுக்கு விரோதமானது என்று ஒதுக்கியது. பிறகு வந்த காங்கிரஸ் கூட்டணி ஒதுக்கவில்லை, வைத்திருந்தது.

2025-இல் யாழ்ப்பாணம் செம்மணியில் சுடுகாட்டுக் கட்டட வேலைக்கு மண்ணைத் தோண்டினார்கள். எலும்புக்கூடுகள் வந்தன. எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. ஒரு சிறு எலும்புக்கூட்டோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பையும் பொம்மையும் கிடைத்தன. அந்தப் பக்கம் முந்நூறு நானூறு பேரைப் புதைத்திருக்கிறோம் என்று ஒரு ராணுவக் கார்ப்பரல் 1998-லேயே கோர்ட்டில் சொல்லியிருந்தார். மறு வருஷம் தோண்டி 15 உடல் எடுத்ததோடு மூடிவிட்டார்கள். ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் ஜூனில் நேரில் வந்து பார்த்தார். அக்டோபரில் தீர்மானம், வாக்கெடுப்பே இல்லாமல். எந்த வெளிநாட்டுப் பொறிமுறையையும் ஏற்க மாட்டோம் என்றது புதிய இடதுசாரி அரசு, பழைய வலதுசாரி அரசின் குரலில். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம் ஓயவில்லை. அவர்களில் பலர் பிள்ளை எங்கே என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு முந்தைய அரசு ஆளுக்கு ஒரு லட்சம் தருகிறேன் என்றது. வாங்க மறுத்ததும் இரண்டு லட்சமாக்கியது.

இப்போது கொடுத்த அவகாசம் 2027-இல் முடியும். 2025-இல் பேரவையில் இல்லாத இந்தியா 2026 முதல் மறுபடி உறுப்பினர். வெளியுறவு அமைச்சகம் சிரமப்பட வேண்டாம். தமிழர்களின் சமத்துவம், நீதி, அமைதி, கண்ணியம் என்று நாலு வார்த்தை, இலங்கை அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் பற்றி ஒரு வரி, இலங்கையின் ஒற்றுமை பற்றி ஒரு வரி, கடைசியில் நடுநிலை. 2021-இல் டைப் அடித்த காகிதம் அலமாரியிலேயே இருக்கும். தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.