லங்காஸ்டர் கடிதம்: மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி

குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் அமெரிக்க நீளத் துப்பாக்கிக்குப் பிறந்த வீடு பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரம். 18ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் தங்கள் ஊர் வேட்டைத் துப்பாக்கியின் குட்டைக் குழலை நீட்டி, துளையைச் சிறுத்து, மேப்பிள் கட்டையில் ஏற்றினார்கள். பேர் மட்டும் கென்டக்கித் துப்பாக்கி என்று வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. ஆம்பூர்ப் பிரியாணிக்குப் பக்கத்து மாவட்டத்தின் பேரை வைத்தால் ஆம்பூர்க்காரர் என்ன சொல்வாரோ, அதைத்தான் லங்காஸ்டர்க்காரரும் ஆங்கிலத்தில் சொல்கிறார்.

இதைக் கையால் செய்வது இங்கே பனிக்காலப் பொழுதுபோக்கு. கணியம்பாடிப் பக்கம் அதற்கு அந்தப் பேர் கிடையாது. அமிர்தியைத் தாண்டி ஜவ்வாது மலையில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று சொன்னாலே போலீஸ் ஜீப் நினைவுக்கு வரும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டமோ இந்தப் பழைய மாதிரியைத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சில மாநிலங்களின் விதி மட்டும் வேறு. ஆனாலும் வேலூர் மாவட்டத்திலிருந்து வந்து குடியேறியவர் முதல் கட்டையை இழைக்கும்போது, வாசலில் ஏதாவது வண்டி நின்றால் உளியைக் கீழே வைத்துவிடுவது வழக்கம்.

குழலை முதல்முறை செய்பவர் அடிப்பதில்லை, வாங்கிவிடுவார். முன்பெல்லாம் பட்டை இரும்பைக் காய்ச்சிக் கம்பியைச் சுற்றி வளைத்து, விரற்கடை விரற்கடையாக அடித்து ஒட்டினார்கள். வெளிப்புறம் எட்டுப் பட்டை, நீளம் பெரும்பாலும் 42 முதல் 46 அங்குலம். உள்ளே புரி வெட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். அலகு ஒவ்வொரு இழுப்புக்கும் மயிரிழை அளவே சுரண்டும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் அலகுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு வைத்து மறுபடி இழுக்கவேண்டும். வெர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் குழல் முதல் திருகாணி வரை எல்லாவற்றையும் கையால் செய்ததை 1969இல் படமாக எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் குழலை விலைக்கு வாங்குகிறார்கள்.

கட்டையில் இரும்பைப் பதிக்கும் வேலைக்கு நம் பாட்டிமார் கண்மை கூட்டிய வித்தையே போதும். விளக்குச் சுடரில் இரும்பைக் காட்டிக் கரி ஏற்றி, குடைந்த பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், மரத்தில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் உளியால் சுரண்டவேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். நூறு தரம் செய்தபின் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே காகிதம் நுழையாது. அதற்குள் கரி மூக்கு, சட்டை, குழந்தையின் கன்னம் என்று வீடு முழுக்கப் பரவியிருக்கும். திருஷ்டிப் பொட்டு என்று சமாளிக்கலாம்.

நம் ஊர்த் தோல் வந்து சேருவது துப்பாக்கியின் விசையில். ‘குதிரை’ என்னும் சுத்தியின் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கடிக்கக் கொடுத்தால் வழுக்கும். கட்டைவிரல் அகலத்தில் ஒரு தோல்துண்டை மடித்துக் கல்லுக்கு மேலும் கீழும் வைத்தால்தான் பிடிக்கும். கல் போய் எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சீவும்போது பறக்கும் பொறி கல்லுடையதல்ல, சீவப்பட்ட எஃகுடையது. அதற்குத் தகடு நன்றாக இறுகியிருக்கவேண்டும். பழைய கொல்லர்கள் சாதா இரும்பில் செய்த உறுப்புகளை எலும்போடும் கருக்கிய தோலோடும் பெட்டியில் அடைத்து உலையில் வைத்தார்கள்; கரி இரும்பின் மேற்பரப்பில் ஏறி அதை எஃகாக்கும். பிய்ந்த செருப்பும் இதற்கு ஆகும். ஊரில் தோல் ஷாப்பு வாசலில் காலில் இடறுகிற இந்தத் துண்டை இங்கே பொட்டலம் கட்டி விற்கிறார்கள். ஊரிலிருந்து ஊறுகாய் பார்சல் வரும்போது ஜாடிக்கு முட்டுக்கொடுக்கப் பழந்துணிக்குப் பதில் தோல்துண்டு வைப்பது உத்தமம். கனம் 2 மில்லிமீட்டர் போதும்.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடியுமுன் வெடித்த துப்பாக்கிகளும் சக்கிமுக்கி இனமே. குழலுக்குள் புரி மட்டும் இல்லை. அன்றைய கலகத்துக்கு ஒரு காரணம் புதுத் தலைப்பாகையில் தைத்திருந்த தோல் குஞ்சம். குதிரை வாயில் தோல் இருப்பது வேறு, நெற்றிக்கு மேல் ஏறுவது வேறு. சிப்பாய்கள் கோட்டையில் ஏற்றியது திப்புவின் புலிக்கோட்டுக் கொடி. இங்கே கட்டைக்கு விரும்பிக் கேட்கும் மேப்பிளுக்கும் புலிக்கோடு என்றே பேர். இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசிச் சூடு காட்டினால் கோடுகள் செம்பழுப்பாக எழும்பும். மேலே ஆளிவிதை எண்ணெய்.

முதல் வெடியைத் தோளில் வைத்து வெடிப்பதில்லை. துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டிவிட்டு, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து விசையைக் கயிற்றால் இழுப்பார்கள். லட்சுமி வெடிக்கு ஊதுவத்தியை எட்டி நீட்டிப் பழகியவருக்கு இதில் புதிதாகக் கற்க எதுவுமில்லை. பிறகு மருந்து அளந்து போட்டு, எச்சில் தடவிய தலையணைத் துணியில் ஈயக்குண்டைச் சுற்றிக் கோலால் கெட்டிக்கவேண்டும். எச்சில் பத்துப் பார்ப்பவர்கள் கொழுப்புத் தடவலாம். தோட்டாவில் தடவிய கொழுப்பால் மீரட்டில் சிப்பாய்க் கலகம் மூண்டது தெரிந்த கதை.

சுட்டு முடித்த அன்றே குழலை வெந்நீரால் கழுவவேண்டும். தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். மருந்திலுள்ள கந்தகத்தின் வேலை. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சல்ஃபைடு கலக்கும் தொட்டியில் அடிப்பதும் இதே நாற்றம்தான். லங்காஸ்டர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார். பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வளர்ந்தவர் நிதானமாக இரண்டாம் வாளியை ஊற்றுவார். பிறகு துடைத்து, காயவைத்து, உள்ளே எண்ணெய் விடவேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விடிவதற்குள் துரு பிடித்திருக்கும்.