காரப் பாப்கார்னில் பொடி நில்லாமை: ஒரு முதற்கட்ட ஆய்வு

சோளம் வெடிப்பது ஒரு சிக்கலே அல்ல. வெடித்ததன் தலையில் தூவிய இட்லிப்பொடி எங்கே போகிறது என்பதுதான் சிக்கல். மேலே தூவியது மேலே இருப்பதில்லை. கிண்ணம் காலியானதும் அடியில் செக்கச்செவேலென்று ஒரு கரண்டி கிடக்கிறது. இந்நிகழ்வை இக்கட்டுரை 'பொடியிறக்கம்' என்று குறிக்கும்.

முன்னோர் ஆய்வுகள் இதில் கைகொடுக்கவில்லை. 2015இல் பிரான்சில் எம்மானுவேல் விரோ, அலெக்ஸாந்தர் பொனமரென்கோ என்னும் இருவர் சோளமணியை ஆராய்ந்து, ஏறத்தாழ 180 டிகிரி செல்சியசில் அது வெடிக்கிறது என்றும், 'பட்' என்ற ஓசை தோல் கிழிவதால் அன்று, உள்ளிருந்த நீராவி விடுபடுவதால் எழுகிறது என்றும் காட்டினர். மணி துள்ளும் விதத்தையும் விளக்கினர். அவ்வளவு தூரம் வந்தவர்கள் பொடியையும் ஒரு கை பார்த்திருக்கலாம்.

பொடி இடும் காலம் பற்றி இரு கட்சிகள் உண்டு. எண்ணெயிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். உப்புக்கும் மஞ்சளுக்கும் அது பொருந்தும், மிளகாய்த்தூளுக்குப் பொருந்தாது. 180 டிகிரியில் மிளகாய்த்தூள் கருகும். கருகியதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம், மாடிவீட்டார் இருமுவார்கள். இறக்கிய பின்னரே தூவ வேண்டும் என்பார் மறு சாரார். இவர்கள் சொல்வது சரி. ஆனால் பொடியிறக்கம் நிகழ்வதும் இவர்கள் வீட்டில்தான்.

காரணத்தைப் பொடியிலேயே தேட வேண்டும். வெடித்த பொரி என்பது வெந்து உப்பி, நொடியில் காய்ந்துபோன மாவு நுரை. அதில் ஈரமில்லை, பசையில்லை. இட்லிப்பொடியோ, பருப்பு பல்லில் நறநறவென்று தட்டுப்படும்படி கொரகொரப்பாக அரைபட்டது. தோசையில் அது பெருமை, பொரியில் அதுவே வினை. பருப்புத் துகள் பொரியின் மடிப்பில் ஒரு கணம் உட்கார்ந்து, கிண்ணத்தை யாராவது அசைத்ததும் கீழே உருண்டுவிடும். ஆகவே வேண்டிய அளவை மட்டும் மிக்சியில் இன்னொரு சுற்று ஓட்டி, மைதாபோல் ஆக்கிக்கொள்க. கல் உப்புக்கும் இதே விதி. இறக்கைபோல் விரிந்த பொரி பொடியைத் தாங்கும். காளான்போல் உருண்டது தாங்காது, அது சர்க்கரைப் பாகுக்கென்றே பிறந்தது.

ஒட்டவைக்க எது? தண்ணீர் தெளிக்கலாம் என்று ஒருவர் கூறியதுண்டு. பொரி சுருங்கிப்போகும் என்பதால் அவர் கூற்று நீக்கப்பட்டது. வெண்ணெயிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர்தான். காய்ச்சிய நெய்யே தேறுகிறது, இட்லிப்பொடிக்கென்றால் நல்லெண்ணெய். இரண்டு தேக்கரண்டி போதும். சூடு ஆறுமுன் நெய், உடனே பொடி, உடனே குலுக்கல். இந்த வரிசை மாறினால் ஆய்வாளர் பொறுப்பல்ல. வெடிக்கும்போது மூடியைச் சற்றே திறந்துவைப்பதும் கட்டாயம். ஆவி உள்ளேயே நின்றால் பொரி சவசவத்துப்போகும்.

காரமா இனிப்பா என்னும் வகைப்பாட்டை அரசே செய்திருக்கிறது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் விளக்கப்படி, உப்பும் மசாலாவும் சேர்ந்த பொரி உதிரியாக விற்றால் 5 சதவீதம், உறையிலிட்டுப் பெயரொட்டினால் 12, பாகு பூசினால் மிட்டாய்க் கணக்கில் 18 என்று அப்போது வரி இருந்தது. வீட்டுக் கிண்ணத்துக்கு வரியில்லை. இட்லிப்பொடியில் சிட்டிகை வெல்லம் சேர்க்கும் குடும்பங்களைப் பற்றி மன்றம் வாய் திறக்கவில்லை.

எஞ்சுவது அடிப்பொடியின் உரிமை. விரலால் தொட்டு நக்கியவருக்கே அது என்பது பிள்ளைகள் கட்சி. நாளைக்குத் தோசைக்கு ஆகும் என்று டப்பாவில் திருப்பிக் கொட்டுவது பாட்டிமார் கட்சி. வெடிக்காத மணிகளும் அதில் ஒளிந்திருப்பதால், பல் வைத்தியச் செலவை உத்தேசித்து, இருதரப்புக்கும் சல்லடை பரிந்துரைக்கப்படுகிறது.