5டபிள்யூ-30: மூலமும் உரையும்

மூலம் மிகச் சிறியது. ஓர் எண், ஓர் ஆங்கில எழுத்து, ஒரு கோடு, மறுபடியும் ஓர் எண். குறளுக்காவது ஏழு சீர் உண்டு. உரைகளோ கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரை கராஜுக்கு ஒன்றாக வழங்கிவருகின்றன. பரிமேலழகரும் மணக்குடவரும் முரண்பட்ட இடங்களை ஒரு கொப்பியில் அடக்கிவிடலாம். டேர்போ காருக்கு எந்த ஒயில் ஊற்றுவது என்பதில் கண்டி உரையாசிரியர்கள் முரண்படும் இடங்களை அடக்கக் கொப்பி போதாது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. இவ்வாய்வாளருக்கு எஞ்சின் பற்றிய முறையான கல்வி எதுவும் இல்லை. கார் இருக்கிறது; அதற்குக் கட்டவேண்டிய தவணையும் இருக்கிறது.

முதலில் களம். இலங்கையில் கார் வரியை எஞ்சினின் கொள்ளளவு பார்த்துப் போடுகிறார்கள். சீசீ ஏற ஏற வரியும் ஏறும். ஆயிரம் சீசீக்குள் அடங்கிக்கொண்டு, ஆயிரத்தைந்நூறு வைத்திருப்பவனைப்போல மலையேற ஆசைப்பட்டவர்களுக்கு டேர்போ வரப்பிரசாதமாயிற்று. 988 சீசீ ஹொண்டா சிவிக், 996 சீசீ டொயோட்டா ரைஸ், 658 சீசீ சுசுக்கி ஸ்டிங்ரே எல்லாவற்றையும் பேராதனைப் பாலத்தடியில் அரை மணி நேரம் நின்றால் காணலாம். காலையில் போனால் விரும்பாமலே அரை மணி நேரம் நிற்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த காரையே எல்லோரும் பேணிக் காக்க வேண்டியிருந்தது. உரைகள் பெருகியது அப்போதுதான். புதுக் காருக்கு உத்தரவாதப் பத்திரம் போதும். பழைய காருக்கே பாஷ்யம் தேவை.

மூலநூலாகிய கையேடு என் காரின் டேஷ்போட் பெட்டிக்குள் கிடக்கிறது. செங்கல் கனம், முழுவதும் யப்பான் மொழி. சிந்துவெளி முத்திரைகளோடு மல்லுக்கட்டிய அறிஞர்களின் நிலைமைதான் எனக்கும். ஆனால் அவர்களிடம் கைபேசி இருக்கவில்லை. கமெராவைப் பிடித்தால் எழுத்துகள் நடுங்கி நடுங்கித் தமிழாகின்றன. ‘எஞ்சின் நெய்யை மரியாதையுடன் மாற்றவும்’ என்று வந்தது. சொல்லாராய்ச்சிப்படி இதில் பிழையில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். எள்ளே கலவாத ஒன்றை எண்ணெய் என்று நாம் சொல்வதுதான் வழு. கண்டித் தமிழர் ‘ஒயில்’ என்று சொல்லி இந்த வழுவிலிருந்து தப்பிக்கொண்டார்கள்.

இனிப் பதவுரை. ‘டபிள்யூ’ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. இங்கே பாரதூரமான ஓர் ஐயம் எழுகிறது: கண்டியில் குளிர்காலம் உண்டா? உண்டு என்பார் என் மாமியார். மார்கழி பிறந்ததும் கம்பளிச் சட்டையும் காது மூடும் தொப்பியுமாக உலவுவது அவர் தரும் சான்று. தமிழ் இலக்கணமும் அவர் பக்கமே. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை மலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர் குறிஞ்சியல்லாமல் நெய்தலா?

ஆனால் அந்த எழுத்தை எழுதிய அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்துக்கு மாமியாரையும் தெரியாது, தொல்காப்பியரையும் தெரியாது. அவர்கள் வகுத்த விதியில் ‘5டபிள்யூ’ என்றால், −30 பாகைக் குளிரில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் அளவுக்கு ஒயில் இளக்கமாக இருக்க வேண்டும். ‘10டபிள்யூ’வுக்கு −25, ‘0டபிள்யூ’வுக்கு −35. கண்டியில் தை மாத விடியற்காலை பெரும்பாலும் 17, 18 பாகைக்கு இறங்கும். நுவரெலியாவில் சில வருடம் தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகும்; அதுவும் சுழியத்தை ஒட்டிய குளிர்தான். ஆக, அந்த எழுத்து நம் ஊரில் அலங்காரம் என்று தள்ளிவிடலாமா? கூடாது. −30இல் ஓடத் தெரிந்த ஒயில் 18 பாகையில் இன்னும் சுறுசுறுப்பாக ஓடும். காலையில் சாவியைத் திருப்பிய முதல் சில நொடிகள் எஞ்சினின் மேல் பாகங்கள் ஒயில் வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரம்; அந்த நேரத்தைச் சுருக்குவதே டபிள்யூவின் உபகாரம்.

(டேர்போவுக்கு 1905இல் காப்புரிமை பெற்ற அல்பிரட் பூக்கி பிறந்த சுவிஸ் நகரத்தின் பெயர் வின்டர்தூர். இதிலும் குளிர்காலம் இருக்கிறதே என்று மகிழ்ந்து அரை நாளைச் செலவிட்டேன். அப்பெயர் விடுடூரும் என்ற பழைய ஊர்ப்பெயரின் திரிபாம். ஆய்வில் இப்படியும் நாள்கள் போகும்.)

கோட்டுக்குப் பின்னால் வரும் ‘30’ வெப்பநிலை அன்று. 100 பாகையில் ஒயிலின் தடிப்பு எவ்வளவு என்பதற்கான வகுப்பெண் அது. 20 என்றால் இளக்கம், 40 என்றால் தடிப்பு. உரையாசிரியர்கள் கைகலப்பது இந்த இடத்தில்தான்.

தடிப்புப் பள்ளியின் தலைமையாசிரியர் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு நானா. நான் கொண்டுபோன கேனைத் திறந்து, ஒரு சொட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். விரல்களைப் பிரித்தார். சேர்த்தார். மறுபடி பிரித்தார்.

“தண்ணி சேர் இது. பாருங்க, நூலே வருதில்ல. கடுகண்ணாவ ஏத்தத்துக்கு இது எப்பிடித் தாங்கும்? நாப்பது ஊத்துங்க, மெத்த மாதிரி நிக்கும்.”

“புத்தகத்துல முப்பதுன்னு போட்டிருக்கே நானா.”

“புத்தகம் எழுதினவன் கடுகண்ணாவ வந்தானா சேர்?”

இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வாப்பாவோடு தேயிலை லொறிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் பழகியவர் அவர். அந்த லொறிகளின் எஞ்சினில் இடைவெளிகள் தாராளம். தடித்த ஒயில்தான் அவற்றுக்கு ஏற்றது. விரல் சோதனையும் அந்தக் காலத்துக்குப் பொருந்தியிருக்கும். ஆனால் விரல் 37 பாகையைத் தாண்டாது. டேர்போவின் தண்டோ நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றுவரை சுழல்வது. பெரஹராவில் சுழலும் ஆட்டக்காரர் நான்கு சுற்றில் மூச்சுவாங்குவார். ஒரு புறம் கொதிக்கும் புகை விசிறியைத் தள்ள, அந்தத் தண்டு உலோகத்தைத் தொடாமல் மெல்லிய ஒயில் படலத்தில் மிதந்தபடி நிற்கிறது. அங்கே வேண்டியது கையில் நூல் விடும் ஒயில் அன்று. ஒடுங்கிய குழாய்களுக்குள் உடனே பாய்ந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, சுட்டுப் பிசினாகாமல் திரும்பி வரும் ஒயில். கையேட்டின் பட்டியலில் 40 இருந்தால் ஊற்றலாம். இல்லாத இடத்தில் நாமாக ஏற்றும் தடிப்பு மெத்தையாகாது, முட்டுக்கட்டையாகும்.

இதையெல்லாம் நானாவிடம் நான் சொல்லவில்லை. அவர் கையில் ஸ்பேனர் இருந்தது.

தடிப்பைப் பற்றியே எல்லோரும் மோதிக்கொண்டதில், மூலத்தின் இரண்டாம் அடி உரையின்றிக் கிடக்கிறது. கேனில் பொடி எழுத்தில் ‘ஏபிஐ எஸ்பி’ என்று இருக்கும். எஸ்பி என்றதும் பொலிஸ் அத்தியட்சகர் நினைவுக்கு வருவது இயல்பு. வேலையும் ஏறக்குறைய அதுதான். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் எஸ்ஏ தொடங்கி அகரவரிசையில் தரம் பிரித்துவந்தது. ஐ, கே, ஓ மூன்றையும் தாண்டிவிட்டது. சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள் நம் இலக்கணத்திலும் உண்டல்லவா. எஸ்பி வந்தது 2020 மே மாதம். 2025இல் எஸ்கியூவும் வந்துவிட்டது.

எஸ்பி பிடிக்கும் குற்றவாளி யார்? மாவனல்லை தாண்டி ஏற்றம் தொடங்கும்போது முன்னால் ஒரு கொள்கலன் லொறி ஊர்கிறது. பின்னால் உங்கள் டேர்போ. எஞ்சின் சுற்று குறைவு, சுமை கனம். முந்தலாம் என்று மிதிக்கிறீர்கள். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெற்றோல் பீச்சும் சிறிய டேர்போ எஞ்சின்களில், பிஸ்டன் வளையத்தருகே பெற்றோலும் ஒயிலும் கலந்த ஒரு துளி, பிளக் பொறி வைக்குமுன்னே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். மோசமாகப் போனால் பிஸ்டனே வெடிக்கும். ஒயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கல்சியம் இதைத் தூண்டுவதாகக் கண்டு, அதைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். இப்படி முன்கூட்டிப் பற்றுவதைத் தடுக்கும் சோதனையிலும் தேறியதற்கான முத்திரைதான் எஸ்பி. விரலில் தேய்த்து இதைக் கண்டுபிடிக்க நானாவாலும் முடியாது.

அடுத்தது எப்போது மாற்றுவது என்பது. கைபேசியை மறுபடி பிடித்தேன். ‘கடும் நிலை’ என்றொரு பட்டியல்: மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குதல், குறுகிய தூர ஓட்டம், நின்ற இடத்தில் நெடுநேரம் எஞ்சின் ஓடல். இந்த வகையினர் வழக்கத்தைவிட முந்தி, பெரும்பாலும் பாதித் தூரத்திலேயே, மாற்ற வேண்டுமாம். அம்பிட்டியவிலிருந்து பாடசாலைக்கு, பாடசாலையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வாவியைச் சுற்றி நெரிசலில் வீட்டுக்கு: அது என் ஒரு நாள். புத்தகம் எழுதியவன் கடுகண்ணாவ வந்தானோ இல்லையோ, எங்கள் ஒழுங்கைக்கு வந்துபோயிருக்கிறான்.

மாற்றும் காலத்தோடு முடிவதில்லை; எஞ்சினை நிறுத்தும் முறைக்கும் உரை வேண்டும். கொழும்பிலிருந்து வருவோர் ஏற்றம் முழுவதும் டேர்போவை வாட்டி எடுத்துவிட்டு, கடுகண்ணாவையில் டோசன் கோபுரத்தடியில் படம் பிடிக்கப் படக்கென்று எஞ்சினை நிறுத்துவார்கள். ஓட்டம் நின்ற ஒயில், காய்ந்த சட்டியில் மறந்துபோன தாளிப்பாகத் தீய்ந்து ஒட்டத் தொடங்கும். நேரே கண்டிக்கு வந்தால் இந்தக் கவலை இல்லை. பிலிமத்தலாவையிலிருந்தே நெரிசல் டேர்போவைக் குளிர்த்திவிடும். எங்கள் வீடுதான் சிக்கல். செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. ஆகவே வந்து நின்றதும் எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் காருக்குள்ளேயே இருப்பேன்.

“யாரோட கதைச்சிட்டு இருந்தீங்க?” என்பாள் மனைவி.

“டேர்போ ஆறட்டும்னு இருந்தேன்.”

அவள் நம்பியதாகத் தரவு இல்லை.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. கேன் நான்கு லீற்றர். என் எஞ்சின் குடிப்பது மூன்றுக்கும் குறைவு. ஒவ்வொரு சேர்விஸிலும் ஒரு லீற்றருக்கு மேல் மிஞ்சி மாடிப்படிக்கு அடியில் சேர்கிறது. கொஞ்சத்தை வாசல் கேட்டின் பிணைச்சலுக்கு விட்டேன். பல வருடமாக முனகிய கேட் அது. இப்போது −30 பாகைக் குளிரிலும் சத்தமில்லாமல் திறக்கும். நான் எத்தனை மணிக்கு வந்து அந்த ஒரு நிமிடத்தைத் தொடங்கினேன் என்பதுதான் வீட்டுக்குத் தெரிவதில்லை.